எழுதப்படாத அம்மா

1687ல் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். கோட்டையில் இருக்கும் வெள்ளைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்வதை ஊக்கப்படுத்துங்கள், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுங்கள் என்பது அதில் இருந்த ஒரு யோசனை. கப்பலில் ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பதைவிட இங்கேயே ஆள் பிறந்தால் கம்பெனிக்கு லாபம். கணக்குத் தெரிந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது ஒரே விஷயம்தான். வராகன் தாய்க்கு, ஆனால் பதிவு தகப்பனுக்கு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680ல் திறக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது, பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். மணப்பெண் கேத்தரின் ஹின்மர்ஸ், கணவனை இழந்தவர். 340 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அம்மாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. சிப்பாய்களோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்களையும் தெலுங்குப் பெண்களையும் தேடிப் போனால் கதை வேறு. கம்பெனி காலத்து ஞானஸ்நானப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், எந்தப் படைப்பிரிவு என்பதுகூட இருக்கும். தாய் என்று வரும் இடத்தில் பல சமயம் ஒன்றுமே இருக்காது. இல்லையென்றால் 'உள்ளூர்ப் பெண்' என்று இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாதிரியார் வைத்த கிறிஸ்தவப் பெயர் மட்டும் இருக்கும், அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்காது. வங்காளத்தை மையமாக வைத்து இதைப் பற்றி துர்பா கோஷ் 2006ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ரிட்டையர் ஆனவர்கள் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்களோ என்று தோன்றும். அதற்கு அடித்தளம் 1538. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் வாரா வாரம் ஒரு புத்தகத்தில் எழுதி, இரண்டு பூட்டு போட்ட பெட்டியில் வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் பயந்தார்கள், புதுசா வரி போடத்தான் இதெல்லாம் என்று பேச்சு. (பயந்ததில் தப்பே இல்லை. அரசாங்கம் பெயர் கேட்டால் முதலில் பயப்படுவதுதான் புத்தி.) 1837ல் அரசே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பிக்கும் வரை முந்நூறு வருஷம் அந்தப் பெட்டிகள்தான் நினைவு. அதே பழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி இணையத்திலும் ஏறிவிட்டது. யார்க்‌ஷயரில் உட்கார்ந்துகொண்டு திருச்சியில் காலராவில் செத்த கொள்ளுத்தாத்தாவை ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடலாம்.

திருப்பூரிலிருந்து அம்பது கிலோமீட்டர் சுற்றில் போத்தனூர் இருக்கிறது. ரயில்வே ஊர், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி அந்த ஊர்க்காரி. அவள் வீட்டில் ஒரு ஃபைல் உண்டு. சர்ச் பதிவுகளின் சான்றிட்ட நகல்கள், மஞ்சளாகிப்போன டைப் பேப்பர்கள். 1947க்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் பலர் இங்கிலாந்து போக முடிந்ததே இப்படிப்பட்ட காகிதங்களால்தான். 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின்படி தகப்பன் வழியில் பிரிட்டிஷ் மூதாதை இருந்ததைக் காட்டவேண்டியிருந்தது. நம்ம அரசியல் சட்டமும் அதே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறது. 366(2)ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும்போது தகப்பனையோ ஆண்வழி முன்னோரில் ஒருவரையோ ஐரோப்பிய வம்சமாகக் கேட்கிறது. தாய் யார் என்று அது கேட்கவில்லை.

ஆக, மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் தேடினார்கள், ஒரு ஆளைத்தான் தேடினார்கள். அவர் எந்த ஊர், எந்த ரெஜிமெண்ட், எப்போது கப்பல் ஏறினார் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை இந்த மண்ணோடு கட்டிய பெண்ணை யாரும் தேடவில்லை. அவள் பெயர் கிடைத்திருந்தாலும் விசா கிடைத்திருக்காது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாழ்க்கை நெருக்கும்போது எந்தக் காகிதம் கதவைத் திறக்குமோ அதைத்தான் மனுஷன் தேடுவான். ஆனால் நூறு வருஷம் இப்படியே தேடினால் தேடலே ஒரு பழக்கமாகிவிடுகிறது. கதவைத் திறக்காத ஆட்கள் இருந்ததே மறந்துபோகிறது.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லவேண்டும். டேட்டாபேஸில் ஒரு காலத்தைக் கட்டாயம் என்று குறிக்கலாம், காலியாக விடலாம் என்றும் குறிக்கலாம். அது சின்ன டிக். ஆனால் ஒரு நிறுவனம் உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பது பூராவும் அந்த டிக்கில் இருக்கும். பனியன் கம்பெனிகளுக்கான வருகைப்பதிவு, சம்பள சாஃப்ட்வேர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தகப்பன் பெயர் கட்டாயம், தாய் பெயருக்குக் காலமே இருக்காது. தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒரு பையன் கைமடி வேலைக்குச் சேர வருகிறான். சூப்பர்வைசர் என்ன செய்வார்? ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு சேவ் பண்ணுவார். பழைய டேட்டாவைத் திறந்தால் அப்படிப் புள்ளி புள்ளியாக வரும். தகப்பன் பெயர்: புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு அம்மா இருக்கிறாள், பவர்டேபிளில் பிசிர் வெட்டியோ செக்கிங் பார்த்தோ அவனை வளர்த்தவள். அவளுக்கு அந்தத் திரையில் இடமில்லை. கல்யாணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015ல் சொல்லிவிட்டது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆக நாளாகும்.

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நம்ம வீட்டை விட்டுவிட முடியாது. கொங்கு நாட்டில் பங்குப் பதிவேடு கிடையாது, கூட்டம் உண்டு, குலதெய்வம் உண்டு. எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் எந்தக் கோயில், யார் பங்காளி, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது எல்லாம் தெரிந்துவிடும். அதுவும் ஒரு டேட்டாபேஸ்தான், ஆண்வழியில் ஓடுவது. கல்யாணமானால் பெண் புருஷன் கூட்டத்துக்கு மாறிவிடுவாள். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இருக்கவேண்டும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரில் ஒரே ஆள் ரெண்டு மூணு இடத்தில் வருவார், எண்ணிக்கை சுருங்கும், சரி. அப்படிப் பார்த்தாலும் நூற்றுக்கணக்கான பேர். அதில் தகப்பனின் தகப்பனின் தகப்பன் என்று நேராக ஏறும் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு 'எங்க வம்சம்' என்கிறோம்.

அந்த நினைவையும் நாமே வைத்துக்கொள்ளவில்லை. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது குடிமகன், அதாவது நாவிதர். அடுத்தவர் வம்சத்தின் பெருமையை மனப்பாடமாகப் பாடுகிறவரின் கொள்ளுத்தாத்தா யார் என்று அந்தப் பந்தலில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. பண்ணையில் தலைமுறையாக உழைத்த மாதாரிக் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் நிலப்பதிவேட்டிலும் இல்லை. இந்த ஊரில் 'நான் என் வேரைத் தேடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருப்பது அதனால்தான். வேரைத் தேடுகிற பலர் மூன்றாவது தப்படியில் சாதிப் பெருமையில் போய் நிற்கிறார்கள். கிடைக்கும் முன்னோர் எல்லாரும் பாளையக்காரராகவோ பட்டக்காரராகவோ இருக்கிறார்கள். பண்ணையாளைக் கட்டிவைத்து அடித்தவர் யாருடைய குடும்ப மரத்திலும் இல்லை. அவர் மட்டும் சந்ததியே இல்லாமல் போய்விட்டார் போலிருக்கிறது.

தகப்பன் யார் என்ற கேள்வி இங்கே எவ்வளவு சூடு என்பதற்கு 'மாதொருபாகன்' போதும். 2010ல் வந்த நாவல், 2014 கடைசியில் கலவரம், 2016ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அந்தக் கோபத்தின் அடியில் இருந்தது, நம்ம ஆண்வழிக் கோட்டில் எங்காவது ஒரு இடத்தில் பேனா தவறியிருக்குமோ என்ற பயம் என்று நினைக்கிறேன். தாய்வழியில் கோடு போட்டிருந்தால் அந்தப் பயத்துக்கே வேலையில்லை.

எங்க அம்மிச்சியிடம் ஒருநாள் கேட்டேன். "உங்க அம்மாவைப் பெத்தவங்க பேரு என்னங்க அம்மிச்சி?" கொஞ்ச நேரம் யோசித்தார். "காளியாத்தாளோ என்னமோ கண்ணு. ஆத்தான்னுதான கூப்புடுவோம், பேரச் சொல்லி ஆரு கூப்புட்டா?" இது நான் எதிர்பார்க்காத பதில். ஒருத்தியின் பெயர் காணாமல்போக அவளை இழிவுபடுத்தவேண்டும் என்றே இல்லை. மரியாதையாகவும் பிரியமாகவும் கூப்பிட்டே அதை இல்லாமல் ஆக்கிவிடலாம். அம்மிச்சிக்கு அதில் வருத்தமும் இல்லை. அவருக்கு அந்த ஆத்தா எப்படிக் களி கிண்டுவாள், யாரிடம் சண்டை போடுவாள் என்று எல்லாம் தெரியும், பெயர்தான் தெரியாது. போத்தனூர் ஃபைலில் இருப்பதற்கு நேர் எதிர். அங்கே அந்த சிப்பாயின் பெயர் தெரியும், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு வரி கிடையாது.

பதிவேட்டில் இல்லாமல் இருப்பது நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. அதிகாரத்துக்கு உன்னால் வேலை ஆகவேண்டும் என்றால்தான் அது உன்னை எழுதும். மொரீஷியஸுக்குப் போன கூலிகளைப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், உயரம், உடம்பில் தழும்பு, பிற்பாடு போட்டோவும் எடுத்தார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன, பேரன் பேத்திகள் அதை வைத்துத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். அவ்வளவு விவரமாக எழுதியது பிரியத்தால் அல்ல, ஓடிப்போனால் பிடிக்க. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்தவர்களும் நன்றாகவே பதிவானார்கள். அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல். வயசும் பாலினமும் நிறமும் எழுதி, பெயரை விட்டுவிட்டார்கள். 1870ல்தான் அவர்கள் மொத்தமாகப் பெயரோடு வருகிறார்கள், கறுப்பினத்தவர் பலரின் தேடல் அந்த வருஷத்தில் சுவரில் முட்டி நிற்கும்.

எழுதப்படாமல் இருப்பது விடுதலை என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டில் காகிதம் இருக்கிறவர்கள் சொல்கிற வாதம். அசாமில் குடிமக்கள் பதிவேட்டுக்காக 1971 மார்ச் 24க்கு முந்தைய ஆவணத்தில் தன் குடும்பம் இருந்ததைக் காட்டச் சொன்னபோது அதிகம் திண்டாடியது கட்டிக்கொடுத்த பெண்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள், சின்ன வயசில் வேற கிராமத்துக்குப் போனவர்கள். இன்னாருடைய மகள் என்று காட்ட அவர்களுக்கு இருந்தது ஊராட்சிச் செயலர் கொடுத்த சான்றிதழ் ஒன்றுதான், அது செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2019 ஆகஸ்டில் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சம் பேருக்கு இடமில்லை. 2025ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது, 2003ஆம் வருஷத்துப் பட்டியலில் தன் பெயரோ பெற்றவர்கள் பெயரோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. திருப்பூரில் ரெண்டு ஷிப்ட் தைத்துவிட்டு ராத்திரி அறைக்குப் போகிற ஒரு பீகார்ப் பையனும் யார்க்‌ஷயர் தாத்தாவும் செய்வது ஒரே வேலைதான், செல்போனில் பழைய பட்டியலைத் தள்ளித் தள்ளி அப்பா பெயரைத் தேடுவது. தாத்தாவுக்குக் கிடைக்காவிட்டால் ஒரு சாயங்காலம் வீண், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தச் சென்னைப் பெண்ணுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? செத்து நூற்றாண்டுகள் ஆன, பெயர் தெரியாத ஒருத்திக்குக் கடனை எப்படித் திருப்புவது? அவளுக்கு இப்போது எதுவும் வேண்டியதில்லை. கற்பனையாக ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குடும்ப மரம் போடும் இணையதளங்களில் நிறைய நடக்கிறது, ஒருவர் ஊகித்து எழுதியதை அடுத்தவர் நகலெடுக்க, மூன்றாவது ஆள் கையில் அது வரலாறாகிவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. பாதிரியார் பறித்த இடத்தில் நாமும் ஒரு பெயரை ஒட்டினால் அது அவருடைய வேலையைத் தொடர்வதுதான். காலியிடம் காலியாகவே தெரியவேண்டும், ஏன் காலி என்பதும் கூடவே தெரியவேண்டும். டேட்டாபேஸ்காரனாக நான் கேட்பது கூடுதலாக ஒரே ஒரு காலம்.

போத்தனூர்த் தோழி போன வருஷம் அவர்கள் குடும்ப மரத்தைப் புதிதாக வரைந்தாள். சிப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு, முதலில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினாள். ரெண்டு நாள் கழித்து அடித்துவிட்டு 'பெயர் எழுதப்படவில்லை' என்று மாற்றினாள். தெரியவில்லை என்றால் தெரியாதது நாம். எழுதப்படவில்லை என்றால் பேனா பிடித்த ஒரு ஆள் எங்கோ இருக்கிறார். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் மெல்போர்னில் இருக்கும் ஆன்ட்டிக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு, இல்லை ஏதாவது ஒரு நல்ல பெயரைப் போடு என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இவள் எடுக்கவில்லை. ஆன்ட்டி இன்னும் பேசவில்லையாம்.