எலிக்கு யார் பொறுப்பு?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் எலி வந்தது. அரிசி மூட்டையில் ஓட்டை. துவரம்பருப்பு பாக்கெட்டில் ஓட்டை. கடைசியாக, என் வருமான வரி ஃபைலில் ஓட்டை. முதல் இரண்டுக்கும் சும்மா இருந்த நான், மூன்றாவதற்குப் பொங்கி எழுந்துவிட்டேன். கூண்டுப் பொறி ஒன்று வாங்கி வந்து, மசால்வடையை மாட்டி வைத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம்.

‘‘ஏங்க, விழுந்துடுச்சு!’’ என்றார் மனைவி, வெற்றிக் குரலில். மகள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தாள். கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘‘கொன்னுடாதப்பா, ப்ளீஸ்!’’

அப்புறம் என்ன... அந்த நேரத்தில் லுங்கியோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் காலி மனைக்கு நடந்தேன். வழியில் வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அந்த எலியை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது இன்னோர் எலியைப் பற்றி.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவே டாரஸ் நீரிணை இருக்கிறது. அங்கே பிராம்பிள் கே என்று ஒரு குட்டி மணல் தீவு. மொத்தப் பரப்பு நாலைந்து ஹெக்டேர்தான். அதன் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3 மீட்டர். நம் ஊர் ஒரு மாடி வீட்டு உயரம்கூட இல்லை. அந்தத் தீவில் மெலோமிஸ் என்ற பழுப்பு நிற எலி வாழ்ந்தது. நாம் அறிந்தவரை, உலகத்தில் வேறு எங்குமே அது இல்லை. 1845-ல் அந்தப் பக்கம் போன பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் அதை முதன்முதலாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பார்த்ததோடு விட்டார்களா? வில், அம்பு எடுத்து அடித்து விளையாடினார்கள். அதையும் தப்பித்து நூற்று அறுபது வருடங்களுக்கு மேல் பிழைத்துக் கிடந்தது அந்த எலி.

1970-களில் நூற்றுக்கணக்கில் இருந்ததாகக் கணக்கு. கடைசியாக ஒரு மீனவர் 2009-ல் பார்த்தார். கடைசி எலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். ஒரு பொறியை ஓர் இரவு வைத்தால் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டால், அவர்கள் வைத்தது 900. தானியங்கி கேமராக்கள் வேறு. ஒன்றும் சிக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு, ‘இந்த இனம் அழிந்துவிட்டது’ என்று அதிகாரபூர்வமாக எழுதிக் கையெழுத்துப் போட்டது. மனிதன் உண்டாக்கிய பருவநிலை மாற்றத்தால் அழிந்ததாகப் பதிவான முதல் பாலூட்டி அதுதான்.

எப்படி அழிந்தது? யாரும் போய் அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. பூமியைச் சுற்றிக் கரியமில வாயு ஒரு கம்பளி மாதிரி. அது சுத்தமாக இல்லாவிட்டாலும் ஆபத்து, பூமி உறைந்துபோகும். ஆனால், தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கம்பளி மேல் கம்பளி. கடல் சூடாகி விரிகிறது, பனி உருகி அதில் கலக்கிறது, மட்டம் ஏறுகிறது. டாரஸ் நீரிணையில் அந்த ஏற்றம் உலக சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புயல் அடிக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் தீவுக்குள் புகுந்து செடிகொடிகளைக் கருக்கியது. 2004-ல் அங்கே சுமார் ஐந்தரை ஏக்கர் பச்சை இருந்தது. 2014-ல் மிஞ்சியது மூன்று கிரவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. எலிக்குச் சாப்பாடும் அதுதான், வீடும் அதுதான்.

‘அட, எலிதானே சார்! நம்ம வீட்டுல இருக்கறதை அங்க அனுப்பி வைக்கலாமே!’ என்று உங்களில் சிலர் சிரிப்பது கேட்கிறது. முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள்... பணத்தால் அளக்க முடிந்ததை மட்டும்தான் கணக்குப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். முதலாளியின் நேர்மை, தொழிலாளியின் விசுவாசம் எதற்கும் ஐந்தொகையில் இடம் கிடையாது. பிராம்பிள் கே எலிக்கு விலை என்ன? பூஜ்யம். அப்படியானால் நஷ்டமும் பூஜ்யம்தானே?

என்னை உறுத்துவது விலை அல்ல. என் மகள் விஷயம்தான். எங்கள் வீட்டு எலிக்கு உயிர்ப்பிச்சை கேட்க அவளுக்கு ஓர் ஆள் இருந்தார். அந்தத் தீவு எலிக்காக அவள் யாரிடம் போய்க் கெஞ்சுவாள்?

நம் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. அதில் முக்கியமான குற்றவாளி யார் என்று எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். கை தெரிந்தது, கடப்பாரை தெரிந்தது. அதனால் சட்டத்தால் தடுக்க முடிந்தது. பிராம்பிள் கேயில் கடப்பாரை எங்கே? உலகத்தின் எண்ணூறு கோடிப் பேரிடமும் அதில் ஒரு துளித் துளி இரும்பு இருக்கிறது. என் ஏ.சி., உங்கள் பைக், யாரோ ஒருவரின் விமானம். என்னுடையதைக் கழித்துவிட்டால் கடல் ஒரு மயிரிழையாவது இறங்குமா? இறங்காது. அப்படியானால் நான் நிரபராதியா? இதே கேள்வியை எண்ணூறு கோடிப் பேரும் கேட்டால், எலியைக் கொன்றது யாருமே இல்லை என்றாகிவிடும். ஆனால், எலி செத்தது நிஜம்.

இந்த இடத்தில் எனக்குப் பழைய பாடம் ஒன்று கைகொடுத்தது. 1932-ம் வருடத்து பார்ட்னர்ஷிப் சட்டம். கம்பெனி பட்ட கடனுக்குக் கூட்டாளிகள் எல்லோரும் கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. ‘என் பங்கு பத்து சதவிகிதம்தான் சார்’ என்று கடன்காரரிடம் சொல்லித் தப்ப முடியாது. அவர் மொத்தத்தையும் உங்களிடமே வசூலிக்கலாம். மற்ற கூட்டாளிகளிடம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

உடனே நம் ஆட்கள் அதே சட்டத்திலிருந்து இன்னொரு பக்கத்தைப் புரட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்த கூட்டாளி, தான் சேருவதற்கு முன்பு பட்ட கடனுக்குப் பொறுப்பு இல்லை! வாஸ்தவம்தான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிலக்கரி எரித்துக் கொழுத்த காலத்தில் நாம் கட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் ஓர் ஆஸ்திரேலியர் வருடத்துக்குச் சுமார் 15 டன் கரியமில வாயுவுக்குக் காரணம் என்றால், ஓர் இந்தியர் சுமார் 2 டன்தான். இந்த வாதத்தை நானும் நாலு மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால், அந்த 2 டன் என்பது சராசரி. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவையும் என்னையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. அவர் வீட்டில் ஒரு மின்விசிறி, என் வீட்டில் இரண்டு ஏ.சி. அவருடைய ஏழ்மையை என் வக்கீலாக வைத்துக்கொண்டு நான் வழக்காடுகிறேன். வருடாந்திர வெளியேற்றத்தில் இந்தியா இப்போது உலகின் மூன்றாவது இடம். இனியும் ‘புது பார்ட்னர்’ என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

கணக்குப் படித்தவனுக்கு இன்னொரு சிக்கல். கடன் கொடுத்தவர் இறந்துபோனால் வாரிசு வந்து கேட்பார். வாரிசே இல்லாமல் ஓர் இனமே போய்விட்டால்? வசூலிக்க ஆள் இல்லாத கடன், கடன்தானா? சட்டம் ‘இல்லை’ என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கேட்க ஆள் இல்லாத கடனைத்தான் நம் பாட்டிமார்கள் ‘ஏழேழு ஜென்மத்துக்கும் தொடரும்’ என்று பயந்தார்கள். ஜென்மத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பயத்தில் இருக்கிறது.

வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்கள். அதே கடல் பகுதியில், ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண். கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கே பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவிகிதம் பெண் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் நீலகிரியில் உயரமான இடங்களில் மட்டுமே வாழும் சிரிப்பான் பறவை, சூடு ஏற ஏற மேலே போகலாம். உச்சிக்கு மேல்? மலை உச்சியும் ஒரு தீவுதானே.

2008-லேயே அந்த எலியைக் காப்பாற்ற ஆஸ்திரேலியாவில் திட்டம் எழுதினார்கள். சிலவற்றைப் பிடித்து வந்து பத்திரமாக வளர்க்கலாம் என்ற யோசனையெல்லாம் இருந்தது. அனுமதியும் ஆட்களும் கூடித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது 2014 ஆகிவிட்டது.

இதை மகளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

‘‘அப்போ அவங்க பொறி வெச்சது கொல்றதுக்கு இல்லையாப்பா?’’

‘‘இல்லடா, காப்பாத்தறதுக்கு.’’

‘‘ஒண்ணுகூட விழலையா?’’

‘‘விழலை.’’

பரண் மேல் கிடந்த எங்கள் கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.