பட்டதாரி யாருக்குக் கடன்பட்டவர்?

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய ஒருவருக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் இடையே எஞ்சி நிற்கும் உறவு யாது? பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அவ்வுறவு முடிந்துவிடுகிறதா? முடிவதில்லை எனின், அது அன்பின் பாற்பட்டதா, நன்றியின் பாற்பட்டதா, அன்றிக் கடனின் பாற்பட்டதா? இவ்வினாக்களை நாம் அதிகம் எழுப்புவதில்லை. பழைய மாணவர் சங்கங்கள் கூடுகின்றன. ஆண்டு விருந்துகள் நடைபெறுகின்றன. ஒரே ஆண்டிற் கற்றவர்கள் கைத்தொலைபேசியிற் குழு அமைத்துப் பழைய படங்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். இவற்றையே உறவென்று கொண்டுவிடுவதால் உறவின் இயல்பைப் பற்றிச் சிந்திக்கும் தேவை எழாமற் போகிறது. ஆயின், ஒருவர் பெற்றதற்கும் அவர் திருப்பித் தரவேண்டியதற்கும் உள்ள தொடர்பு பற்றிய வினா ஒழுக்கவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. அதை விருந்து மேசையோடு முடித்துவிட முடியாது.

முதலில் அன்பு என்னும் விடையை எடுத்துக்கொள்வோம். பேராதனையிற் படித்தவர்கள் ஹந்தானை மலைச்சாரலையும் மகாவலிக் கரையையும் பற்றி உருக்கத்தோடு பேசுவார்கள். திருநெல்வேலியிற் படித்தவர்களுக்கும் வந்தாறுமூலையிற் படித்தவர்களுக்கும் அவ்வாறே தத்தம் நினைவுகள் உண்டு. இவ்வுணர்வைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சற்று ஊன்றி நோக்கினால், இங்கு நேசிக்கப்படுவது பெரும்பாலும் பல்கலைக்கழகமன்று, நேசிப்பவரது சொந்த இளமையே என்பது புலனாகும். இருபது வயதில் ஒருவர் எங்கே வாழ்ந்தாலும் அவ்விடம் அவருக்கு அழகாகவே தோன்றும். தன் இளமையின்மீது கொண்ட காதல் எவரையும் எதற்கும் கடமைப்படுத்துவதில்லை. இன்றைய மாணவன் எந்த அறையில் உறங்குகிறான், எதை உண்கிறான், எந்த நூலைத் தேடிக் கிடைக்காமல் திரும்புகிறான் என்று அது கேட்பதில்லை.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. ‘என் திறமையாற் பரீட்சையிற் சித்தியடைந்தேன், என் உழைப்பாற் பட்டம் பெற்றேன், யாருக்கும் நான் கடன்பட்டவனல்லன்’ என்பது அது. இவ்விடையில் ஒரு பாதி உண்மை உண்டு. இந்நாட்டில் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகம் புகும் தகுதி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே உண்மையில் அனுமதி பெறுகின்றனர். அந்த ஒடுங்கிய வாயிலால் நுழைந்தவர் கடினமாக உழைத்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் உழைப்பு வாயிலை அடையத்தான் உதவியது. வாயிலைக் கட்டியது அவ்வுழைப்பன்று. விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும் நூலகமும் விரிவுரையாளர் சம்பளமும் யாரோ ஒருவர் செலுத்திய விலையால் உருவானவை. அந்த ‘யாரோ ஒருவர்’ யார் என்பதே நம் விசாரணையின் மையம்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை அதற்கு வழிவகுத்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்பது அக்காலத்தில் ஆசியாவின் குடியேற்ற நாடுகளில் எளிதிற் கனவிலும் எண்ணத்தகாத ஒன்று. அந்தச் செலவை இத்தீவு எங்கிருந்து எடுத்தது? நாட்டின் ஏற்றுமதி வருவாயின் மிகப் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றிலிருந்தும் வந்தது. அவற்றுள் தேயிலையே முதன்மையானது. கொழுந்து பறித்த கைகளும் பால் வெட்டிய கைகளும் ஈட்டிய செல்வத்தின் ஒரு பங்கே நம் கல்வியாயிற்று.

அக்கைகளுக்கு உரியோருக்குக் கிடைத்தது யாது? இலவசக் கல்வி வந்து மூன்றாண்டுகள் கழிந்த 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகள் பல ஆண்டுகள் தேசியக் கல்வி முறைக்குப் புறம்பாகவே கிடந்தன. ஒற்றை ஆசிரியரும் ஒற்றைக் கொட்டகையுமாக இருந்த அவற்றை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. பேராதனை வளாகத்தைச் சூழவுள்ள மாவட்டங்களின் மலைகளெல்லாம் தேயிலை. அம்மலைகளிலிருந்து வந்த செல்வம் அவ்வளாகத்தை எழுப்பியது. அம்மலைகளில் வாழ்ந்தவனின் பிள்ளை அவ்வளாகத்துள் நுழையப் பல தசாப்தங்கள் காத்திருந்தான். இன்றும் பல்கலைக்கழகங்களில் மலையக மாணவரின் தொகை, நாட்டின் சனத்தொகையில் அச்சமூகம் பெறும் இடத்தோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவே.

விலை கொடுத்தவர் வெளியே நிற்கிறார். பொருளைப் பெற்றவர் உள்ளே இருந்து வெளிவந்து, ‘நான் யாருக்கும் கடன்பட்டவனல்லன்’ என்கிறார். மலையகத் தொழிலாளருக்குப் பொருந்துவது, வேறு வகையில், வன்னியின் கூலி விவசாயிக்கும் கரையோரத்து மீனவருக்கும் சிங்களக் கிராமத்து ஏழை உழவருக்கும் பொருந்தும்.

‘நான் வரி செலுத்துகிறேன், அதனோடு கணக்குத் தீர்ந்தது’ என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் வலிமையுடையதுபோலத் தோன்றும். ஆனால் இந்நாட்டு அரசின் வரி வருவாயிற் பெரும்பங்கு பொருள்களின்மீது விதிக்கப்படும் மறைமுக வரிகளால் வருவது. சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் வாங்கும்போது, பல்கலைக்கழக வாசலை ஒருநாளும் மிதிக்காத தாயும் வரி செலுத்துகிறாள். ஆதலின் வரி என்பது குடிமக்கள் யாவரதும் பொதுக் கடன். பட்டதாரியின் கடன் அதற்கு மேலானது. பிறர் பெறாத ஒன்றைத் தாம் பெற்றமையால் விளைந்தது.

அவ்வாறெனின் கடன் கொடுத்தவர் மக்கள். பல்கலைக்கழகம் அக்கொடை நம்மை வந்தடைந்த கை மட்டுமே. இந்தத் தெளிவு ஏற்பட்டால் ‘பல்கலைக்கழகத்துக்கு உதவுதல்’ என்பதன் பொருளே மாறிவிடுகிறது. கடனைத் தந்தவரிடமே திருப்பித் தரவேண்டும் என்பது வணிக நீதி. கல்வியின் நீதி வேறு. தந்தையிடம் பெற்றதை ஒருவர் தம் பிள்ளைக்குத் தருவதுபோல, இங்குக் கடன் முன்னோக்கித் தீர்க்கப்படுகிறது.

நம் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் என ஓர் அமைப்புத் தோன்றியது. அவ்வியக்கத்தில் முன்னின்றோருள் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜிற் கற்றவர். ஆனந்த குமாரசுவாமி இலண்டனிற் கற்றவர். தாம் கற்ற பல்கலைக்கழகங்களுக்கு நன்றி செலுத்த அவர்கள் எண்ணியிருப்பின் அங்கே ஒரு பரிசிலை நிறுவி அமைந்திருக்கலாம். அவர்களோ, தம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் எனக் கிளர்ச்சி செய்தார்கள். 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1924இல் மறைந்த அருணாசலம் அதைக் காணவில்லை. இவர்கள் உயர்குடியினர், உழைக்கும் மக்களின் கல்வி அவர்களது முதற் கவலையாக இருந்தது என்று நாம் கூறவேண்டியதில்லை. எனினும், தமக்குக் கிடைத்த வாயில் பிறருக்கும் திறக்கவேண்டும் என்னும் உணர்வே பட்டதாரி ஒருவரின் உண்மையான நன்றி என்பதற்கு அவர்களது செயல் எடுத்துக்காட்டு.

இனி, உதவி என்ற பெயரால் நிகழக்கூடிய இரண்டு பிழைகளைச் சுட்டவேண்டும்.

ஒன்று, உரிமையைத் தருமமாக்குவது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது உணவு விலை கடுமையாக ஏறியது. அப்போதும் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் ஏறத்தாழ 5,000 ரூபாயாகவே இருந்தது. அதைக்கொண்டு ஒரு மாணவர் அரை மாதமேனும் உண்பது கடினம். அவ்வேளையிற் பல பட்டதாரிகள், குறிப்பாகப் புலம்பெயர்ந்தோர், மாணவருக்குப் பணம் அனுப்பினார்கள். அது போற்றத்தக்கது, பசித்தவனுக்குக் கோட்பாடு பரிமாற முடியாது. எனினும் கொடையாளர் தொகை பெருகப் பெருக, அரசு தன் பொறுப்பினின்றும் மெல்ல நழுவிச் செல்ல இடமுண்டாகிறது. உரிமையாகப் பெறவேண்டியதை ஒரு மாணவி கைநீட்டிப் பெறவேண்டியவளாகிறாள். மேடையேறிக் கொடையாளருக்கு நன்றி கூறிப் படத்துக்கு நிற்கவேண்டியவளாகிறாள். ஆகவே கொடுப்பவர் இரண்டு செயல்களைச் சேர்த்தே செய்யவேண்டும்: இன்று உதவுவது, அவ்வுதவி நாளை தேவைப்படாத நிலைக்காகக் குரல் கொடுப்பது. முன்னதை மட்டும் செய்பவர் தருமவான் எனப் பெயர் பெறலாம், கடன் தீர்த்தவராகமாட்டார்.

மற்றையது, குழுவை மக்களாகக் கொள்வது. தன் ஊரவன், தன் பாடசாலையான், தன் சாதியான், தன் ஆண்டில் நுழைந்தவன் என்று உறவின் வட்டத்தைச் சுருக்கி, அவ்வட்டத்துக்குள் உதவுவதையே பல்கலைக்கழகப் பற்று என்பார் பலர். இதன் மிகக் கொடிய வடிவம் பகிடிவதை. மூத்தவர் இளையவரை இழிவுபடுத்துவதால் ஒற்றுமை வளர்கிறதாம்! 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னரும் அது ஒழியவில்லை. அதற்குப் பட்டதாரிகளாகிய நமக்கும் பொறுப்புண்டு. ஒன்றுகூடல்களிற் பழைய பகிடிவதைக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்பவர், அடுத்த ஆண்டு அனுமதி பெறும் தம் ஊர்ப் பிள்ளைக்கு அச்சத்தையே சீதனமாக அனுப்பிவைக்கிறார். ஏழை வீட்டிலிருந்து முதன்முதலாக வரும் மாணவரே இக்கொடுமையால் அதிகம் நொறுங்குவர்.

உறவு இருவழிப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொணர்ந்தபோது பல்கலைக்கழகமே மாணவனாயிற்று. கிராமத்து அண்ணாவியார் ஆசிரியரானார். எந்தக் கலையை ‘நாட்டுப்புறத்தார் ஆட்டம்’ எனக் கற்றோர் ஒதுக்கினரோ அதுவே விரிவுரை மண்டபத்தின் அருகே மத்தளம் முழக்கிற்று. அம்முயற்சியில் மாணவராய் ஆடிய சி. மௌனகுரு பின்னர்ப் பேராசிரியராகி, மட்டக்களப்பில் அடுத்த தலைமுறைக்கு அதைக் கையளித்தார். மக்களிடமிருந்து பெற்றதை மக்களிடம் சேர்க்கும் வட்டம் இவ்வாறே நிறைவுறுகிறது. பல்கலைக்கழகச் சமூகம் என்று நாம் சொல்லும்போது அதற்குள் அந்த அண்ணாவியாருக்கும் இடமிருக்கவேண்டும்.

நாட்டைவிட்டுச் சென்றோரைப் பற்றி யாது கூறுவது? 1983இன் பின் உயிரைக் காத்துக்கொள்ள ஓடியவரை ‘இலவசக் கல்வி பெற்றுவிட்டு ஓடியவர்’ என்று பழிப்பது கொடுமை. 2022இன் பின் வருவாய் தேடிச் சென்றவரின் நிலை வேறு. எனினும், வீட்டுச் சுமை யாரைத் தள்ளியது, பேராசை யாரை இழுத்தது என்பதை வெளியிலிருந்து அளக்க நம்மிடம் தராசு இல்லை. ஒன்று மட்டும் கூறலாம். தூரம் கடனை அழிப்பதில்லை. தீர்க்கும் வழியை மாற்றுகிறது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் ஓர் ஆய்வு மாணவருக்கு நூலும் வழிகாட்டலும் தரலாம். இங்கிருப்பவர் பக்கத்துப் பாடசாலைக்கு நடந்தே போகலாம். நடந்து போகக்கூடியவர் போகாதிருப்பதே பெரிய குற்றம்.

உயர்தர வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. தோட்டப்புறப் பாடசாலையிலும் வன்னியின் உட்கிராமத்துப் பாடசாலையிலும் பௌதிகத்துக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாமையால், மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரக்கூடிய பிள்ளை வேறு துறைக்குத் தள்ளப்படுகிறது. அதையுங் கடந்து புள்ளி பெற்ற பிள்ளைக்கு, எந்தக் கற்கைநெறியை எந்த ஒழுங்கில் விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது என்று சொல்ல வீட்டில் எவருமில்லை. அனுமதி கிடைத்தபின் உதவிப்பணம் கைக்கு வருமுன் சில மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. அந்த மாதங்களே பலரது படிப்பை முறிக்கும் மாதங்கள். இம்மூன்று இடங்களிலும் ஒரு பட்டதாரி நிற்கலாம். விடுமுறையிற் கற்பிக்கலாம்; படிவத்தருகே அமர்ந்து விளக்கலாம்; முதல் மூன்று மாத வாடகையைப் பெயர் சொல்லாமற் கொடுக்கலாம். இவற்றுக்குச் சங்கமும் வேண்டியதில்லை, பொன்னாடையும் வேண்டியதில்லை.

இன்னொரு கடமையும் உண்டு. அது பலருக்குக் கசக்கும். தாம் கற்ற இடத்தைத் துணிந்து விமர்சித்தலும் ஆதரவே. விரிவுரைக் குறிப்பு ஆண்டுக்காண்டு மாறாதிருந்தால், நியமனத்தில் நேர்மை தவறினால், மாணவர் கருத்துரிமை நசுக்கப்பட்டால், அச்சமின்றிப் பேசக்கூடியவர் வெளியே வந்துவிட்ட பட்டதாரியே. உள்ளே இருப்பவருக்குப் புள்ளியும் பதவியும் வாய்ப்பூட்டாகலாம். வெளியே இருப்பவர் மௌனமாயிருப்பதற்குக் காரணம் தேடுவது கடினம். ‘நம் பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று குறையை மூடுபவர், மக்கள் விலைகொடுத்து வாங்கிய பொருளைப் பழுதடைய விடுகிறார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பட்டமளிப்பு விழாவில் நாம் அணிந்த மேலங்கி வாடகைக்கு எடுத்தது. மாலையிலே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பட்டம் அவ்வாறு திருப்பிக் கொடுக்கக்கூடியதன்று. ஆனால் அதுவும் முழுமையாக நமக்கே உரியதன்று. நாம் கற்ற வளாகத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக் கொடுக்கும் வசதி நம்முள் மிகச் சிலருக்கே வாய்க்கும். வெளியே நிற்கும் ஒரு பிள்ளையை அவ்வாசல் வரை அழைத்துச் செல்லும் வசதி நம் எல்லோருக்கும் உண்டு. அதைச் செய்தோமா என்பதே, எந்தச் சங்கத்தின் அங்கத்துவ அட்டையையும் விட, பல்கலைக்கழகத்தோடு நமக்கு உறவு எஞ்சியிருக்கிறதா என்பதைக் காட்டும்.