சுண்ணாம்புக்குள் ஒரு கடல்



இன்று கல்லறைத் திருநாள். ஒரு வாரமாக நம் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கும் சத்தம், சுண்ணாம்பு வாடை. அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்த கையோடு, முழங்கையில் சுண்ணாம்பு காயாமலே நேற்று மாலைப் பூசைக்கு வந்தவர்களைப் பார்த்தேன். அந்தச் சுண்ணாம்பு பிறந்த கல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலடி. குவாரியில் வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லுக்குள்ளிருந்து சிப்பியைக் கையால் பெயர்த்து எடுத்தவர்கள் நீங்கள். ஆனால் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத உயிர்களும் அந்தக் கல்லில் இருக்கின்றன. செந்துறைப் பக்கம் நின்னியூர்ப் படிவங்களில் கிடைத்த பாசிகளை ஆராய்ந்து, எல். ராமராவ் என்ற நம் நாட்டு நிலவியலாளரும் ஆஸ்திரியாவின் யூலியஸ் பியாவும் 1936-இல் எழுதினார்கள். இப்படிப்பட்ட கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பார்கள். மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான் கனம் மிஞ்சும். அதன்பிறகுதான் நுண்ணோக்கிக்கு அடியில் வைப்பார்கள்.

அந்தப் பாசிகளில் ஒரு வகைக்கு நடுவில் ஒற்றைத் தண்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கிளைகள். வெயில் தரைவரை இறங்கும் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலில் வளரும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணம் அதன் மேல் போர்வையாகப் படியும். பாசி செத்ததும் பச்சை உடல் அழுகிப்போகும். போர்வை மட்டும் நிற்கும். கல்லில் இன்று நாம் காண்பது அந்தப் போர்வையை. தண்டு இருந்த இடம் ஒரு குழல், கிளைகள் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னத் துளைகள். பின்னால் வேறு சுண்ணம் வந்து அவற்றை அடைத்திருந்தாலும் அச்சு அழிவதில்லை. துளைகளின் சாய்வையும் வரிசையையும் பார்த்தே இது இன்ன பாசி என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

டைனோசர்கள் மாண்ட அந்தப் பேரழிவு நடந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நின்னியூர்ப் படிவம் அதற்குப் பின் வந்தது என்று இன்று கணிக்கிறார்கள். அத்தனை சாவுக்குப் பிறகும் இந்தக் கடலில் வெயில் இறங்கியிருக்கிறது, பாசி துளிர்த்திருக்கிறது.

அந்தக் கல்லில் இருப்பதுபோல் நம் வீடுகளிலும் துளைகள் உண்டு. உங்களில் கணவரை இழந்த ஒரு தாய் இருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கழுவி வைக்கிறார். “எல்லாம் காலப்போக்கில் ஆறிவிடும்மா” என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெற்றிடம் அவர் கணவரின் அளவு. வேறு யாருக்கும் அது பொருந்தாது. லாசரின் கல்லறைக்குப் போன நம் ஆண்டவரே கண்ணீர்விட்டார்; அழவேண்டாம் என்று சொல்ல நான் யார்?

உயிர்த்த இயேசுவை நினைத்துப் பாருங்கள். சாவை வென்று வந்தவர், கையில் இருந்த ஆணித் துளைகளை மறைத்துக்கொண்டு வந்திருக்கலாமே! அவர் அப்படி வரவில்லை. நம் புனித தோமாவுக்கு அந்தத் துளைகளையே நீட்டிக் காட்டினார். ஆண்டவரே என்று தோமா அறிக்கையிட்டது அவற்றின் முன்னால்தான். நம் வீட்டில் விழுந்திருக்கும் துளைகளையும் கடவுள் அப்படித்தான் அறிந்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். எந்தத் துளை யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

பூசை முடிந்ததும் கல்லறைகளை மந்திரிக்கப் போகிறோம். சுண்ணாம்பு இன்னும் ஈரமாயிருக்கும், பிள்ளைகளைப் பார்த்து நடத்திக் கூட்டிவாருங்கள். பெயர் எழுதாத கல்லறைகள் வேலியோரம் ஆறோ ஏழோ இருக்கின்றன. அவற்றுக்கும் ஆளுக்கொரு மெழுகுவத்தி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.