பேரீச்சம்பழத்துக்குப் போடாதே!

வாசலோரம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதே உன் அப்பாவின் ஆர்.எக்ஸ். 100, அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடு தம்பி." நீயும் தலையாட்டிவிட்டாய். ஏன் ஆட்டினாய்? வண்டி செத்துவிட்டதா? இல்லை, இதெல்லாம் நம் கையால் ஆகிற காரியமா என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாயா?

தீர்ப்பைக் கிழித்துப் போடு. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான வண்டி அது. இத்தனை வயதுக்குத் துரு ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். துரு என்ன பேயா பிசாசா? இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு, அவ்வளவுதான். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று அதை இன்னும் விரட்டும். காரணம் தெரிந்த எதிரியிடம் பயம் எதற்கு?

ஆனால் ஏமாற்று வேலை மட்டும் வேண்டாம். சிலர் துருவின் மேலேயே பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்து வண்டியை விற்றுவிடுவார்கள். துருவாக மாறிய இரும்பு, பழைய இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கேட்பது கிடைக்காவிட்டால் அடியிலிருந்து பெயின்ட்டை நெம்பும். ஒரு மழைக்காலம் போகட்டும், மட்கார்டெல்லாம் கொப்புளம். நகத்தால் குத்தினால் பொரபொரவென்று உதிரும்.

சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டைப் பார்த்திருக்கிறாயா? வண்டியிலேயே மோசமாக அரித்துப்போகிற இடங்களில் ஒன்று அது. பேட்டரி ஆசிட் கசிந்து கசிந்து தின்றிருக்கும். அதில் ஆரம்பி. வெளியே தெரியாத பாகம், கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடு. கம்பி பிரஷ் போட்டுத் தேய். செதில் செதிலாகப் பழுப்பு உதிர்ந்தபின் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, பிறகு 220. தோள் வலிக்கும், வலிக்கட்டும். இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும். ஆனால் உற்றுப் பார், ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். அங்கேதான் பாதிப் பேர் "போதும்" என்று எழுந்துவிடுகிறார்கள். நீ எழாதே! பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பெயின்ட் கடையில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு பூசு. குழியில் மிஞ்சிய துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொன்னபடி கழுவியோ துடைத்தோ காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடு. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் கையால் எடுத்து ஓரமாக வைத்தாயோ, வியர்வை பட்ட இடத்தில் உன் விரல் ரேகையே துருவாக அச்சாகிவிடும்.

"அடிக்கும்போது பெயின்ட் வழிந்துவிட்டால்?" என்று கேட்கிறாய். வழியட்டுமே! நன்றாகக் காயவிடு, 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய், மறுபடி அடி. பட்டி பார்த்தது மேடு தட்டினாலும் அதே மருந்துதான். எத்தனை முறை சொதப்பினாலும் முதலிலிருந்து தொடங்க விடுகிற வேலை இதைப்போல எத்தனை இருக்கிறது? தேர்வு எழுதியவனுக்கு இந்தச் சலுகை உண்டா? பிறகு எதற்கு இந்த நடுக்கம்?

திரும்பப் பெற முடியாதவை சில உண்டு. துணிச்சல்காரன் அவற்றை முதலிலேயே தெரிந்துகொள்வான். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் உப்புத்தாளும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். எண் மங்கினால், பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது. போல்ட்டு ஏறும் மரைகளில் பழைய போல்ட்டையே திருகி வைத்துவிட்டு அடி. பெயின்ட் இறங்கினால் மரை அடைத்துக்கொள்ளும். டேங்கில் ஓட்டை தெரிந்தால் நீயே வெல்டிங் வைக்கப் போகாதே. பெட்ரோல் வடித்த டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும், வெடிக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டின் புகை நுரையீரலுக்கு எமன். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடு. வீட்டில் சாதாரண ஸ்பிரே டப்பாவே போதும்: ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான தூரம், மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொன்று. மழை மூட்டமான நாளில் அடிக்காதே, பளபளப்பு வெளுத்துப்போகும்.

சென்னையில் செய்த புல்லட்டின் டேங்கில் ஓடுமே தங்கக் கோடு, அதை ஸ்டிக்கர் என்று நினைத்தாயா? தூரிகையால் கையாலேயே இழுத்த கோடு அது. வளைவில் திரும்பும்போதும் அந்தக் கை நடுங்காது. அந்தக் கை பிறக்கும்போதே அப்படியா பிறந்தது? எத்தனை டேங்குகளில் துடைத்துத் துடைத்து மறுபடி இழுத்திருக்கும்!

காசில்லை என்று சொல்லாதே. கம்பி பிரஷ், நாலு உப்புத்தாள், ஒரு பிரைமர் டப்பா. இதற்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டாம். நேரமில்லை என்றும் சொல்லாதே. நேற்று ராத்திரி கைபேசியில் எவனோ பழுதுபார்த்த வண்டியை எத்தனை மணி நேரம் வேடிக்கை பார்த்தாய்? சிரிக்கிறவன் சிரிக்கட்டும். வேலை முடிந்ததும் "ஒரு ரவுண்டு குடுடா" என்று முதலில் வந்து நிற்கப்போகிறவனும் அவன்தான்.

வரும் ஞாயிறு விடியட்டும். தார்ப்பாயை விலக்கு, சீட்டைத் தூக்கு, அந்தத் தட்டைக் கழற்று. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானரே போதும். நட்டு இறுகியிருந்தால் முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவை.