கடனும் கௌரவமும்

இறந்துபோன ஒரு கலைஞனைக் கௌரவிக்கும்போது நாம் யாருக்கு என்ன செய்கிறோம்? அவன் பெயரில் ஒரு பரிசு, ஒரு தெரு, முச்சந்தியில் ஒரு சிலை. விழா மேடையில் பேசுகிறவர்களில் ஒருவராவது, அவருக்குப் பட்ட கடனை ஊர் இன்று தீர்த்துக்கொள்கிறது என்று சொல்லிவிடுவார். கூட்டம் கை தட்டும். கடன் என்ற சொல்லை அந்த இடத்தில் நிறுத்தி விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டது போல இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவன் போய்விட்டான். வாங்கியவர்கள் தங்களுக்குள் ஒரு தொகையைக் கை மாற்றிக்கொண்டு, கணக்கு முடிந்தது என்கிறார்கள். இந்தக் கணக்கு எந்த தர்மத்தில் சேர்ந்தது?

ஜே. சி. டானியலின் வாழ்க்கை இந்தக் கேள்வியை ஒதுக்கித்தள்ள முடியாதபடி நம்முன் வைக்கிறது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழர். களரிப்பயிற்றில் ஈடுபாடு கொண்டு, வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். அந்தக் கலையை ஜனங்களுக்குக் காட்ட சினிமாவைவிட நல்ல சாதனம் இல்லை என்ற எண்ணம் அவரைப் படம் எடுக்கும் தொழிலுக்கு இழுத்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்த் தொழிலைப் பார்த்து வந்தார். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவை நிறுவினார். அங்கே எடுத்த ஒரே ஊமைப்படம் 'விகதகுமாரன்'. கதை, டைரக்ஷன், காமிரா, கதாநாயகன் எல்லாம் அவரே. புராணக் கதைகள் திரையை ஆண்டுகொண்டிருந்த அந்த நாட்களில், திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பையனைப் பற்றிய சமூகக் கதையை எடுத்தார். திருவனந்தபுரம் காப்பிடல் கொட்டகையில் அது வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். படம் நஷ்டப்பட்டது, ஸ்டூடியோ போயிற்று. டானியல் பல் வைத்தியராகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்தில் வறுமையிலும் நோயிலும் கழித்து 1975இல் இறந்தார். 1992இல் கேரள அரசு, மலையாள சினிமாவில் வாழ்நாள் சாதனைக்கான தன் உயர்ந்த விருதுக்கு அவர் பெயரை வைத்தது. இன்று அதன் ரொக்கம் 5 லட்சம் ரூபாய்.

1975க்கும் 1992க்கும் நடுவே உள்ள பதினேழு ஆண்டுகளைப் பற்றி யோசிக்கிறவர்கள், அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். டானியலைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிய பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன், நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகையை அவருக்கு வாங்கித்தர முயன்றார். அவர் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்க் கேட்கலாம் என்பதே கிடைத்த பதிலின் சாரம்.

இந்தப் பதிலைச் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு வாசிக்கும்போது அதன் விசித்திரம் நன்றாகத் தெரியும். நமக்கு மேற்கே இருக்கும் செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மறுநாள், நவம்பர் 1, திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அதே நாளில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. 2019இல் தென்காசி ஜில்லா பிரிந்தபோது செங்கோட்டையும் சங்கரன்கோவிலும் மறுபடி ஒரே புது எல்லைக்குள் போயின. இத்தனைக்கும் எந்த வீடும் இடம்விட்டு நகரவில்லை. டானியல் பிறந்தது திருவிதாங்கூரில், படம் எடுத்தது திருவிதாங்கூரின் தலைநகரில். எல்லைக்கோடு அவருக்கு மேலே நகர்ந்து போயிற்று. ஃபைலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு போதுமானதாக இருந்தது.

நம் ஊர்க் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் வாதிட்டன. கோமதியின் தபசுக்குப் பலனாக வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக ஒரே உருவம் தெரிந்தது. ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் அந்தக் காட்சியைக் காணத்தான் வருகிறது. அந்தக் கதையில் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடிச் சண்டை போட்டன. டானியல் விஷயத்தில் இரண்டு பக்கமும் உரிமை வேண்டாம் என்று ஒதுங்கின. ஒன்று, அவர் தமிழர் என்றது. மற்றது, அவர் மலையாளப் படம் எடுத்தவர் என்று வாயால் சொல்லக்கூட இல்லை, பேசாமல் இருந்தது. அன்று நம் ஜில்லாவில் இருந்த பாளையங்கோட்டையில் அவரிடம் பல் காட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைகள் ஒரு காலத்தில் காமிராவைச் சுற்றின என்று தெரிந்திருக்கும்? கேரளத்தை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

இனி, கேரள அரசு பின்னால் கொடுத்த கௌரவத்தைப் பார்க்கலாம். மறுத்ததும் அரசு, பெயர் வைத்ததும் அரசு. மனிதர்களும் மந்திரிகளும் மாறியிருக்கலாம், ஸ்தாபனம் ஒன்றுதான். உயிரோடிருந்தவர் உதவி கேட்டபோது அவர் எங்கே பிறந்தார் என்பது தடையாயிற்று. இறந்தபின் பெயர் தேவைப்பட்டபோது அது தடையாகவில்லை. காரணம் எளிது. உயிரோடிருக்கும் முன்னோடி ஒரு செலவு, இறந்த முன்னோடி ஒரு சொத்து. அவர் சாப்பிடுவதில்லை, கடிதம் எழுதுவதில்லை, இன்னாரோடு மேடையில் உட்காரமாட்டேன் என்று சொல்வதில்லை.

முன்னோடி என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பின்னால் யாராவது வந்தால்தான் ஒருவர் முன்னோடி. டானியலுக்குப் பின்னால் உடனே வந்தது 1933இல் அவருடைய உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா'. அதுவும் ஊமைப்படம், அதுவும் நஷ்டம். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது. டானியலின் ஸ்டூடியோவிலிருந்து கிளைவிட்டு வளர்ந்த மரபு என்று ஒன்று இல்லை. மலையாள சினிமாவின் பிதா என்கிறார்களே, அந்தப் பிதாவை வளர்ந்த பிள்ளைகள் பிற்பாடு தத்தெடுத்துக்கொண்டார்கள். தத்தெடுப்பது தவறில்லை. பிறந்ததிலிருந்தே அவர் மடியில் வளர்ந்ததாகப் பேசுவதுதான் பொய்.

விமர்சனம் எழுதுகிற நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 'விகதகுமாரன்' இன்று இல்லை. நல்ல படமா, மோசமான படமா, அதில் ஒரு ஷாட்டாவது கலையாக இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. 'மார்த்தாண்டவர்மா' பிழைத்திருக்கிறது. அது பிழைத்த விதம் கவனிக்க வேண்டியது. நாவலின் பதிப்பாளர்கள் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள், பிரதி அவர்கள் கையில் போய்ச் சேர்ந்து முடங்கிக் கிடந்தது, 1974இல் புனேயிலுள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போயிற்று. சண்டைக்குள் அகப்பட்ட படம் மிஞ்சியது. யாரும் உரிமை கோராத படம் அழிந்தது. நமக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' நம்மிடமும் இல்லை. ஆக டானியல் பெயரால் நாம் கௌரவிப்பது ஒரு படைப்பை அல்ல. ஒரு துணிச்சலை, அதற்கு அவர் கொடுத்த விலையை. இதை ஒப்புக்கொண்டால், அந்த விலையை அவரிடம் வசூலித்தது யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் பி. கே. ரோஸியின் பெயரில் இருக்கிறது. காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த தலித் பெண். 'விகதகுமாரன்' கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண், அந்த வேஷத்தை டானியல் ரோஸிக்குக் கொடுத்தார். முதல் காட்சிக்கு வந்த பெரிய மனிதர்கள் அவர் கொட்டகைக்குள் இருப்பதை விரும்பவில்லை. திரையில் அவரைப் பார்த்தவர்கள் கூச்சல் போட்டார்கள், கல்லெறிந்தார்கள். அவர் வீடும் தாக்கப்பட்டது. ரோஸி ஊரைவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வந்தார். ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்ப் பெண்ணாகவே வாழ்ந்து முடித்தார். மறுபடி எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

டானியலின் படத்தைத் தோற்கடித்தது காலம் அல்ல. ரசனைக் குறைவும் அல்ல. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஊர். கல்லெறிந்ததும் 'ஊர்', பிற்பாடு மாலை போடுவதும் 'ஊர்'. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். மாலை போடும்போது மட்டும் 'நாம்' என்கிறோம், கல்லெறிந்ததைச் சொல்லும்போது 'அந்தக் காலத்தில் சிலர்' என்கிறோம். இலக்கணத்தில் செய்யும் இந்த மாற்றம் தார்மிகத்தில் ஒரு மோசடி. பாட்டனின் நிலத்துக்கு வாரிசு என்று வருகிறவன் பாட்டனின் கடனுக்கும் வாரிசு. பெருமையை மட்டும் தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ளும் பாகப்பத்திரம் எந்த ரிஜிஸ்டர் ஆபீசிலும் செல்லாது.

ரோஸியின் பெயரும் இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. 2013இல் கமல் எடுத்த 'செல்லுலாயிட்' டானியலையும் அவரையும் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளத்தில் சினிமாப் பெண்கள் 2019இல் அவர் பெயரில் ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்தார்கள். நல்லது. ஆனால் டானியலுக்கும் ரோஸிக்கும் நடுவே ஒரு வித்தியாசம் உண்டு. டானியலை மறதி கொன்றது. ரோஸியை மறதி காப்பாற்றியது. தன் பெயரையும் தான் நடித்ததையும் புதைத்துக்கொண்டதால்தான் அவரால் குடும்பம் நடத்த முடிந்தது. அவரை நினைவுகூர்கிற ஒவ்வொரு முறையும், உயிருக்குப் பயந்து அவர் சாத்திக்கொண்ட கதவைத் திறக்கிறோம். திறக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சாத்தும்படி செய்தவர்கள் யார் என்று சொல்லாமல் திறப்பது, அவரை இரண்டாவது முறை காட்சிப் பொருளாக்குவது.

ஆகவே ஆரம்பக் கேள்விக்கு என் பதில் இது. இறந்தவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்க முடியாது. கேட்ட அன்று கொடுக்காத உதவித்தொகையை, அவர் இறந்து பதினேழு ஆண்டு கழித்து வேறொருவருக்குப் பரிசாகக் கொடுத்து ஈடு செய்ய முடியாது. தீராத கடனோடு என்ன செய்யலாம்? இத்தனை கடன், இன்னாருக்கு, இன்ன காரணத்தால் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கலாம். கௌரவம் என்பது அதுவாக இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. சாட்சி சொல்லாத கௌரவம் கடன் பத்திரத்தைக் கிழித்துப்போடுகிற காரியம், அதையும் கடன்காரனே செய்கிறான்.

கேரளத்தில் அந்த விருதைத் தரும் மேடையில் ஒவ்வொரு ஆண்டும் டானியலின் சாதனையைச் சொல்வார்கள். அதோடு இரண்டு வாக்கியம் சேர்த்தால் போதும். கேட்டபோது அவருக்கு உதவ மறுத்தோம் என்று ஒன்று. அவருடைய கதாநாயகியை நாங்கள் கல்லெறிந்து துரத்தினோம் என்று இன்னொன்று. இந்தப் பக்கம் நமக்கும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது: அவர் நம்மிடையேதான் இருந்தார், நாம் யாரும் விசாரிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பிறகு மாலை போடுவதில் தவறில்லை.