யாருக்குக் கடன் மன்னிப்பு?
ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளிவிடச் சொல்கிறது விவிலியத்தின் உபாகமம். நம் காலத்திலும் அப்படியொரு மன்னிப்பு நடந்தது. 2009 ஜூனில் திவாலான கார் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸை மீட்க அமெரிக்க அரசு சுமார் 5,000 கோடி டாலர் போட்டது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது அதில் 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டமாகியிருந்தது. தவறு செய்தவனைத் தூக்கிவிட்டால் தவறு வளராதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பழைய பங்குதாரர்கள் போட்ட முதலை இழந்தார்கள், தலைவர் ரிக் வேகனர் பதவி விலக நேர்ந்தது. தண்டனையே இல்லை என்று சொல்ல முடியாது. என்னை உறுத்துவது வேறு. புதிதாகச் சேர்ந்த தொழிலாளி, அதே வரிசையில் அதே கதவை மாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் கூலியில் ஏறக்குறையப் பாதியே பெற்றார். கம்பெனி பிழைக்காவிட்டால் அந்தப் பாதியும் ஏது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் ஊரான டெட்ராயிட்டில் கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகள் தெருத்தெருவாக ஜப்தியாயின. தவறு வளரும் என்ற அச்சம் அங்கே மட்டும் அசையாமல் நின்றது.