விலக்கிய நஞ்சு யாருக்கு?

உணவிலும் உறைவிடத்திலும் நாள்தோறும் சேரும் நஞ்சைக் குறைப்பது பெரும்பாலும் உடல்நலச் செய்தியாகவே பேசப்படுகிறது. எதை உண்ணக் கூடாது, எந்தப் பாத்திரத்தில் சமைக்கக் கூடாது, எந்தப் பொருளை வீட்டுக்குள் விடக் கூடாது என்னும் பட்டியல்களோடு அந்தப் பேச்சு முடிந்தும் விடுகிறது. ஆயினும் அந்தப் பட்டியல்களின் அடியில், அறநூல்களும் சமயநூல்களும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த வினா ஒன்று கிடக்கிறது. ஒருவர் தம் வீட்டிலிருந்து விலக்கிய தீங்கு வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேருமானால், விலக்கியவரைத் தூயவர் என்று சொல்லலாமா? கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் சீமையில், 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்க்கு ஆதாரமான நிலக்கடலையைப் பின்தொடர்ந்து சென்றால், இந்த வினாவின் முழு அளவும் புலப்படும்.

வானம் பார்த்த நிலத்தில் காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து, மண்ணின் சூடு ஏறினால், நிலக்கடலைச் செடியின் இயல்பான எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. அப்போது மண்ணிலேயே வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை, ஓட்டின் வெடிப்பு வழியாகவும் பூச்சி துளைத்த இடத்தின் வழியாகவும் பருப்புக்குள் நுழைந்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. பறித்த காயைச் சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டினாலும், உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்க ஓட்டின்மேல் நீர் தெளித்து, உடைத்தபின் மீண்டும் உலர்த்தாமல் விட்டாலும் இந்தப் பூஞ்சை பெருகும். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள்களுள் ஒன்றான இந்த நஞ்சுக்கு நிறமும் மணமும் இல்லை. வறுத்தால் ஓரளவு குறையுமே தவிர முற்றிலும் அழியாது.

இதற்கு எதிரான காவல் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கிறது. களத்தில் காய்ந்த காயை ஒரு கை அள்ளிக் குலுக்கி, உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கிறதா என்று கேட்டறிவதும், உடைத்த பருப்பைச் சுளகில் பரப்பி, சூம்பியது, தோல் சுருங்கியது, முளைவிட்டது, பச்சையோ கறுப்போ படர்ந்தது என ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளுவதும் ஆய்வுக்கூடம் தோன்றுவதற்கு முன்பே வழங்கிவந்த முறைகள். ஒரு மூட்டையில் நஞ்சேறிய பருப்பு சிலவே இருப்பதாலும், அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும் கேட்டோடு இருப்பதாலும், இவ்வாறு பொறுக்குவது நஞ்சின் அளவைப் பெரிதும் குறைக்கும் என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. ஆனால் சுளகின் ஓரத்தில் ஒதுக்கிய சொத்தைக் கடலை அத்தோடு அழிந்துவிடுவதில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. குறைந்த விலைக்கு அது எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்குகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாட்டின் கல்லீரல் அந்த நஞ்சை அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் வேறொரு வடிவாக மாற்ற, காய்ச்சினாலும் அழியாத அந்த வடிவம் பாலில் கலந்து குழந்தையின் டம்ளருக்கு வந்து சேர்கிறது.

இது வெறும் ஊகமன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக இட்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்ததிலிருந்தே இந்த நஞ்சு முதன்முதலில் கண்டறியப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நோயுற்றவர்களாகப் பதிவான 397 பேரில் 106 பேர் இறந்தனர். அது கேடுற்ற தானியம் என்று அறிந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு உண்ண வேறு தானியம் இல்லாதவர்கள் அவர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 368 மாதிரிகளில் எம்1 நஞ்சு வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றியே கவலைப்பட்டுவந்த சமூகத்துக்கு, எவரும் எதையும் கலக்காமலேயே தீவனத்தின் வழியாகப் பால் கெடக்கூடும் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்த நிலையை எதிர்கொள்ளும் மனப்பாங்குகளாகச் சமய மரபிலிருந்து மூன்றைக் கூறலாம். முதலாவது, உடம்பு நிலையற்றது, வரவேண்டிய நோய் வினைப்படி வரும், ஆகவே உணவைப் பற்றி ஓயாமல் அஞ்சுவது உடம்பின் மேலுள்ள பற்றே என்பது. அச்சத்தைத் தணிக்க இது ஓரளவு உதவும். ஆனால் தன் நோய்க்குப் பொருந்தும் இந்தப் பொறுமையைப் பிறர் நோய்க்கும் விரித்தால், தீங்கு செய்தவருக்கு அதுவே நல்ல மறைவிடமாகிவிடும். இரண்டாவது, திருமூலர் வழியில் உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு பேணுவது. இழுக்கென்று எண்ணிய உடம்பைப் பின்னர் உயர்ந்த பொருளாக உணரும் அந்தப் பார்வை உணவில் கவனத்தைக் கடமையாக்குகிறது. எனினும் தன் உடம்பே கோயில் என்று நின்றுவிட்டால் அது பாதி உண்மையாகவே இருக்கும். புண்ணாக்கு தின்னும் மாட்டின் உடம்பும், அதன் பாலைக் குடிக்கும் அயல்வீட்டுக் குழந்தையின் உடம்பும் அதே காரணத்தால் கோயில்களே.

மூன்றாவது ஆசாரம், அதாவது சடங்குவழித் தூய்மை. எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று வரம்பு கட்டுவதில் அது மிகுந்த நுட்பம் காட்டியது. வரம்புக்கு வெளியே தள்ளியது யார் கைக்குப் போகிறது என்று மட்டும் கேட்க மறந்தது. அதைவிடக் கொடுமையாக, வெளியே தள்ளிய அழுக்கை அள்ளும் வேலையைச் சில மக்கள் மேல் சுமத்தி, அந்த வேலையைச் செய்ததற்காகவே அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கியது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் தொழிலுக்கு எதிராக 1993இலும் 2013இலும் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றிய பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிர்கள் போய்க்கொண்டிருப்பது, அந்தப் பழைய மறதி இன்னும் நீங்கவில்லை என்பதற்குச் சான்று. நஞ்சில்லா உணவு என்ற இன்றைய தேடலும், மிகுந்த விலை கொடுத்துத் தன் சமையலறையை மட்டும் காத்துக்கொள்ளும் முயற்சியாகச் சுருங்குமானால், ஆசாரம் புதிய பெயரில் திரும்பி வந்ததாகவே ஆகும்.

இந்த மூன்றும் விட்ட இடத்தை நிரப்பும் சிந்தனை கரிசல் சீமைக்கு அயலானதன்று. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையின் பாறைமுகத்தில், பாண்டியர் காலமான 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் சமண ஆசிரியர்களின் பெயர்களும், குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. அந்த ஆசிரியர்கள் பின்பற்றிய சமயத்தின் அறநூல்கள், கொலை என்பதைக் கொல்லும் எண்ணத்தோடு மட்டும் நிறுத்தாமல், கவனமின்மையால் உயிருக்கு இழைக்கும் கேட்டையும் அதனுள் அடக்கின. துறவிகளுக்கு அவை விதித்த ஒழுக்கங்களுள் சமிதி எனப்படும் ஐந்து கவனங்கள் உள்ளன: நடப்பதில் கவனம், பேசுவதில் கவனம், உணவு ஏற்பதில் கவனம், பொருளை எடுத்து வைப்பதில் கவனம், கழிப்பதைக் கழிப்பதில் கவனம். இவற்றுள் ஐந்தாவது, கழிவை உயிர்கள் இல்லாத இடம் பார்த்து விட வேண்டும் என்பது. உண்பதும் கழிப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு முனைகள் என்று கண்ட இந்தச் சிந்தனையில், ஒரு பொருளை விலக்கிய செயல் அது தீங்கற்றுப்போகும் இடம் வரையில் நீள்கிறது. சுளகிலிருந்து தள்ளிய சொத்தைக் கடலைக்கு இதைப் பொருத்தினால், அதைப் பொறுக்கியதோடு கடமை முடியவில்லை, அது மாட்டின் தொட்டிக்குப் போகாமல் தடுக்கும்போதுதான் முடிகிறது என்பது விளங்கும்.

வாங்குபவரின் பொறுப்பு பற்றியும் தமிழ் மரபு தெளிவாகவே பேசியிருக்கிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், கொன்றவர் வேறு, தின்றவர் வேறு என்று பிரித்துத் தப்பிக்க இடம்தராமல், வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர் என்று வாதிடுகிறது. சமணக் காப்பியமான நீலகேசி, பௌத்தரோடு நடத்தும் வாதங்களில் இதே சிக்கலை எழுப்புகிறது. பௌத்தமும் தன் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வணிகங்களுள் நஞ்சு விற்பதையும் வைத்தது. இந்த வாதத்தைக் காய்கறிச் சந்தைக்குக் கொண்டுவந்தால், புள்ளியோ துளையோ இல்லாத கத்தரிக்காயை மட்டுமே கூடையில் போடும் கைகள் ஒவ்வொன்றும், அறுவடைக்கு முந்தைய நாள்வரை மருந்து அடிக்கும்படி விவசாயியை நெருக்குகின்றன என்பது புலப்படும். முகத்தில் துணி கட்டி, முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, காற்று திரும்பும்போதெல்லாம் அந்தத் தூவலையே சுவாசிக்கும் கூலித் தொழிலாளியின் உடம்பில், பிறர் விரும்பிய அழகின் விலை ஏறுகிறது. சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கும் பழைய பழக்கம் வறுமையின் அடையாளமாக எண்ணப்பட்டதுண்டு. இந்த நோக்கில் அது அறத்தின் அடையாளம்.

தனி வீட்டின் ஒழுக்கம் மட்டுமே போதுமா என்ற வினாவுக்கு, கோவில்பட்டியின் மற்றொரு தொழிலான தீப்பெட்டியின் வரலாறு விடை சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனைக்குப் பயன்பட்ட வெண்பாஸ்பரஸ், அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுகச் செய்தது. பயன்படுத்திய வீடுகளில் அந்தத் துயரம் தெரியவே இல்லை. லண்டனில் 1891இல் இரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவ அமைப்பு, தீங்கு குறைந்த செம்பாஸ்பரஸைக் கொண்டு தீப்பெட்டி செய்யும் ஆலையைத் தொடங்கி, மனச்சான்றுள்ளவர்கள் இதையே வாங்க வேண்டும் என்று வேண்டியது. ஆனால் விலை மிகுந்த அந்தப் பெட்டியால் மலிவான பெட்டியோடு நெடுநாள் போட்டியிட முடியவில்லை. பத்தாண்டு அளவில் அந்த முயற்சி நின்றது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்த சட்டங்களுமே அந்த நஞ்சைத் தொழிலிலிருந்து அகற்றின; இந்தியாவில் அத்தகைய சட்டம் 1913இல் வந்தது. கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் அதன்பின் பெருகிய தீப்பெட்டித் தொழில் குழந்தைத் தொழிலாளர், வெடிவிபத்து முதலிய வேறு துயரங்களைக் கண்டதுண்டு; ஆயினும் தாடை அழுகும் அந்த நோயை அது பெரும்பாலும் காணாததற்குக் காரணம் சட்டமே. வீட்டின் மனச்சான்று ஒரு தீங்கை அடையாளம் காட்டும், அதை ஒழிக்கத் தொடங்கும். பொதுச்சட்டமாக மாறும்போதே அது எல்லா வீடுகளுக்கும் காவலாகிறது.

இவற்றைத் தொகுத்தால் அன்றாட வாழ்வுக்கான நெறி தெளிவாகிறது. நஞ்சு இருந்த கலத்தை எக்காலத்திலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது, பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி எறியவும் கூடாது. 2013 ஜூலையில் பிகாரின் சரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி இருந்த கலத்தின் எண்ணெயால் நஞ்சேறிய மதிய உணவை உண்டு 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தது, கழிப்பதில் கவனமின்மை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குப் போதிய சான்று. பூசணம் கண்ட கடலையையும் மிளகாயையும் தானியத்தையும் கால்நடைக்கு இடாமல் அழிப்பதும், வாசலில் நெகிழிக் குப்பையை எரித்துத் தெருவின் காற்றில் நஞ்சைக் கலக்காமல் இருப்பதும் அதே நெறியின் பகுதிகள். மரபு என்பதாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது என்பதையும் சேர்த்து உணர வேண்டும். சுத்திகரிக்காத செக்கெண்ணெய் நல்ல பருப்பில் ஆட்டினால் நல்லது, சொத்தைப் பருப்பில் ஆட்டினால் அந்த நஞ்சின் ஒரு பங்கு எண்ணெயிலும் இருக்கும். ஏழை விவசாயியிடம் சொத்தைக் கடலையை அழிக்கச் சொல்பவர்கள், அந்த இழப்பில் தங்கள் பங்கு என்ன என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்; நன்றாக உலர்த்தி, நன்றாகப் பொறுக்கிய பருப்புக்கு அந்த உழைப்புக்கேற்ற கூடுதல் விலை தராத சந்தை, நஞ்சைத் தானே விலைக்கு அழைக்கிறது.

முற்றிலும் நஞ்சில்லாத வாழ்வு எவருக்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதனால் இந்த நெறி பொருளற்றதாகிவிடவில்லை. சமணம் துறவிக்குப் பெருநோன்பையும் இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்னும் சிறுநோன்பையும் வகுத்தபோது, தீங்கை முழுவதும் ஒழிக்க இயலாதவருக்கும் அதைக் குறைக்கும் கடமை உண்டு என்பதையே நிலைநாட்டியது. தன் உடம்பைக் காக்கும் அச்சத்தில் தொடங்கும் கவனம் அங்கேயே நின்றால், எதைத் தொட்டாலும் ஐயுறும் நோயாக மாறும். பிற உயிர்களின் மேலுள்ள பரிவாக விரிந்தால், அதே கவனம் அறமாகும். ஆகவே ஒரு வீட்டின் தூய்மையை, அதற்குள் வரும் பொருள்களை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது. அந்த வீடு விரும்பிய பொருளுக்காக யார் நஞ்சைச் சுமந்தார், அந்த வீடு வேண்டாமென்று தள்ளியதை யார் உண்டார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடிய வீடே தூய வீடு.